கேழ்வரகு டின்னில் ஒரு கடுக்காய்

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸில் எனக்குக் கடைசி சீட்டுதான் கிடைத்தது. காலடியில் ஒரு எவர்சில்வர் தூக்கு. அதற்குள் அடியில் ஏழு கடுக்காய், மேலே முக்கால் தூக்குக்குச் சாமை. சந்தையில் கடுக்காய் விற்ற அம்மா கட்டிக் கொடுத்த பொட்டலம் பிரிந்துபோனது. அதனால் கடுக்காயை முதலில் தூக்கில் போட்டு, அதன் மேல் சாமையைக் கொட்டி, மூடியை அழுத்திப் பூட்டியிருந்தேன். என் கையால் நானே செய்தது.

வளைவு வளைவாக இறங்குகிற பாதை. கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இடுப்பு கழன்றுவிடும். தூக்கு வழியெல்லாம் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. மூடி தெறித்துவிடப் போகிறது என்று அதை இரண்டு பாதத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சாமை சிந்தியிருக்கிறதா என்று மூடியைத் திறந்தேன். ஏழு கடுக்காயும் மேலே கிடந்தன.

யாரோ திறந்து துழாவியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெண் வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தூக்கு என் காலுக்கு நடுவிலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. எண்ணிப் பார்த்தேன். ஏழும் சரியாக இருந்தன.

அங்கேயே ஓர் ஓரமாக உட்கார்ந்து, கடுக்காய்களை எடுத்துச் சாமைக்குள் கையை விட்டு அடியில் புதைத்தேன். மூடினேன். தூக்கைத் தூக்கித் தூக்கித் தரையில் தட்டினேன். கொஞ்ச நேரம் தட்டிவிட்டுத் திறந்தால், சாமைக்கு நடுவிலிருந்து ஒரு கடுக்காயின் முதுகு தெரிந்தது. மறுபடி தட்டினேன். இன்னொன்று வந்தது.

ஷேர் ஆட்டோக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டும் எழுந்திருக்க முடியவில்லை. அந்தத் தட்டு என் கைக்குப் பழக்கமான தட்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நாள் தவறாமல் நான் தட்டியது.

அப்போது நானும் என் வீட்டுக்காரரும் கிணறு வெட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு மேஸ்திரி, கிணற்றுக்குள் இறங்குகிற நான்கு ஆண்கள், மேலே மண்ணும் கல்லும் வாங்கிக் கொட்டுகிற பெண்கள் மூன்று பேர். கிணற்று மேட்டில் இஞ்சின் வைத்த கிரேன் இருக்கும். அதன் கம்பியில் தொங்குகிற இரும்பு வாளியில்தான் ஆட்களும் இறங்குவார்கள், கல்லும் மேலே வரும். மேஸ்திரி கிரேனை விட்டு நகரமாட்டார்.

பாறை வந்துவிட்டால் குழி போட்டு வெடி வைப்பார்கள். வெடித்துப் புகை அடங்கியதும் யாராவது ஒருத்தர் தனியாக முதலில் இறங்க வேண்டும். எல்லா வெடியும் வெடித்ததா என்று பார்க்க வேண்டும், பக்கச் சுவரில் பெயர்ந்து தொங்குகிற கல்லைக் கடப்பாரையால் தட்டி விழவைக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். அந்த முதல் இறக்கத்துக்கு யாருக்குத்தான் மனசு வரும்? தினமும் அதில்தான் தகராறு.

முதலில் சீட்டு எழுதிக் குலுக்கினார்கள். நான்கு பேரில் இரண்டு பேருக்கு எழுத்துத் தெரியாது. சீட்டை மடிக்கிறதில் ஏமாற்று நடக்கிறது என்று சண்டை வந்தது. அப்போதுதான் மேஸ்திரி ஒரு வழி சொன்னார்.

"மனுசன் கையே பட வாணாம். ஆளுக்கு ஒரு கொட்ட எடுத்துக்கினு வாங்க. டின்னுக்கு அடியில போட்டு, மேல கேவுரு கொட்டி மூடித் தட்டலாம். எது மொதல்ல மேல வருதோ அந்த ஆளு எறங்கணும். சாமி காட்டட்டும்."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. மறுநாள் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு புளியங்கொட்டை. உயரமான ஒருத்தர் ஆமணக்கு முத்து. எங்கள் ஊரிலிருந்தே வந்த இன்னொருத்தர் பூந்திக்கொட்டை. நான்காவது ஆள் கல்வராயன் மலைக்காரர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், என் வீட்டுக்காரரை அவர் மச்சான் என்பார், இவர் அவரை மாமா என்பார். அவர் தன் வீட்டு முற்றத்தில் காய்ந்து கிடந்த ஒரு கடுக்காயைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

டின்னைத் தட்டுகிற வேலை எனக்கு வந்தது. கிணற்றுக்குள் இறங்காதவள், பொதுவான ஆள் என்று மேஸ்திரி சொன்னார். பால் பவுடர் டின். நான்கு கொட்டையையும் அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதன் மேல் கேழ்வரகைக் கொட்டி, மூடி, ஒரு கல்லின் மேல் தட்டுவேன். நடுநடுவே திறந்து பார்ப்போம். ஒன்றும் தெரியாவிட்டால் மறுபடி தட்டுவேன்.

முதல் நாள் கடுக்காய் வந்தது. இரண்டாம் நாளும் கடுக்காய். பிறகு எப்போதாவது ஒருநாள் பூந்திக்கொட்டை வரும், மற்ற நாளெல்லாம் கடுக்காய்தான். அண்ணன் சிரிப்பார். "சாமிக்கு என்ன வுட்டா ஆளே கெடைக்கல தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே வாளியில் ஏறுவார். கொட்டையை மாற்றிக்கொள்ளச் சொல்லி உயரமானவர் ஒருதரம் சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. "சாமி காட்றத மாத்தக் கூடாது. இத்தினி தபா எறங்குனனே, ஒரு கீறல் பட்டுச்சா? அதுதான் என்னக் காப்பாத்துது" என்றார். நாங்களும் அப்படியே நம்பினோம். அவர் இறங்கினால் கிணற்றில் ஒன்றும் ஆகாது என்று மற்றவர்களுக்கே ஒரு தைரியம்.

அப்படி எத்தனையோ கிணறு வெட்டினோம். அண்ணனுக்கு மலையிலேயே பெண் பார்த்துக் கல்யாணமும் ஆனது. நாங்கள் எல்லோரும் போய்ச் சாப்பிட்டு வந்தோம். கல்யாணமாகி ஆறு மாதம் இருக்கும், களமருதூர்ப் பக்கம் ஒரு கிணறு. அன்றைக்கும் நான்தான் தட்டினேன், கடுக்காய்தான் வந்தது. அண்ணன் இறங்கினார். கடப்பாரைச் சத்தம் இரண்டு தரம் கேட்டது. மூன்றாவதாகக் கேட்டது வேறு சத்தம்.

மேலே கொண்டுவந்தபோது அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே கால் மாதிரியே இல்லை. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

அந்த விபத்தோடு எங்கள் கூட்டம் கலைந்தது. அண்ணனைப் பார்க்க இரண்டு தடவை மலைக்குப் போனேன். இரண்டாவது தடவை போனபோது அவருடைய அம்மா வாசலில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்: "எம்மாம் கெணறு எறங்கனான் எம்புள்ள. ஒண்ணும் ஆவல. இவ கால வச்சா, அவன் காலு பூட்டுது." மருமகள் உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். தலையே நிமிரவில்லை. நானும் மனசுக்குள் அப்படித்தானோ என்று நினைத்தேன். இதை இப்போது எழுதவே கூசுகிறது. அதற்குப் பிறகு நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து அன்று எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. வந்ததும் ஊறுகாய் வைத்திருந்த கண்ணாடி பாட்டிலைக் கழுவித் துடைத்தேன். வெளியிலிருந்து உள்ளே நடப்பது தெரிய வேண்டும். ஒரு கடுக்காயும் ஒரு புளியங்கொட்டையும் அடியில் போட்டு, கேழ்வரகைக் கொட்டி, மடித்த சாக்கின் மேல் வைத்துத் தட்டினேன்.

கண்ணெதிரே நடந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் எல்லாம் ஒரு துளி எழும்பி விழுகிறது. கடுக்காய் எழும்பும்போது அதன் அடியில் உண்டாகிற சின்ன இடைவெளியில் கேழ்வரகு ஓடிப்போய் உட்கார்ந்துகொள்கிறது. கடுக்காயால் பழைய இடத்துக்கு இறங்க முடியவில்லை. ஒரு படி ஏறிவிட்டது. அடுத்த தட்டில் இன்னொரு படி. புளியங்கொட்டை அடியிலேயே மெல்ல அசைந்துகொண்டு கிடந்தது. பெரியது ஏறுகிறது, அவ்வளவுதான். அதில் சாமி இல்லை, அதிர்ஷ்டம் இல்லை, யாருடைய ராசியும் இல்லை.

பூந்திக்கொட்டை வந்த நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அதில் பெரும்பாலானவை அண்ணன் காய்ச்சல் என்றும் திருவிழா என்றும் வேலைக்கு வராத நாட்கள். கடுக்காய் டின்னில் இல்லாதபோது அதற்கடுத்த பெரியது வந்திருக்கிறது. என் வீட்டுக்காரருடைய புளியங்கொட்டை எத்தனை தடவை வந்தது என்று யோசித்தேன். ஒரு தடவைகூட நினைவில் இல்லை.

சாயந்திரம் அவர் மக்காச்சோளக் கொல்லையிலிருந்து வந்தார். கைகால் கழுவுவதற்கு முன்னாலேயே பிடித்து உட்காரவைத்தேன்.

"மாமா, இத்தப் பாரு. நம்ப டின்னு. அண்ணனோட கடுக்கா. எப்படித் தட்டுனாலும் அதுதான் மேல வருது. பெருசா இருக்கறதாலதான் வருது மாமா. நாம அந்த மனுசன நாமளே எறக்கி வுட்டுக்கினு இருந்திருக்கறோம்!"

தட்டிக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படுவார், இல்லை, உனக்கென்ன பைத்தியமா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் பாட்டிலைப் பார்க்கவே இல்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா, ஒண்ணுமே பேசல?"

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "இன்னா தெரியும்?"

"மூணாவது கெணத்துலயே தெரிஞ்சிச்சி. சந்தேகம் வந்துச்சி. நீ தண்ணி மொள்ளப் போன நேரத்துல நானே டின்ன எடுத்துத் தட்டிப் பாத்தன்."

நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் யாரோ மாதிரி இருந்தார். அதற்குப் பிறகும் பதினோரு வருஷமாக இந்த மனிதனுக்குச் சோறு போட்டிருக்கிறேன், பக்கத்தில் படுத்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து இது வரவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா கொட்டய மாத்துவாங்க. அப்பால நாலுல ஒரு நாளு நான் எறங்கணும். நம்ப பாப்பா அப்ப கைக்கொழந்த. அவருக்குக் கல்யாணமே ஆவல. ஒண்டி ஆளுன்னு நெனச்சிக்கினன்."

"அவருக்குக் கல்யாணம் ஆனப்புறம்?"

அவர் பாட்டிலை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"ஆறு மாசம் மாமா. அந்தப் பொண்ணு கழுத்துல தாலி ஏறி ஆறு மாசம். அப்பக்கூடவா சொல்லத் தோணல?"

"அப்ப சொன்னா, இத்தினி நாளா ஏன் சொல்லலன்னு கேப்பாங்களே" என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. டின்னைத் தட்டியது என் கை. தெரிந்துகொண்டே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"நாளைக்கிக் காலீல மொத பஸ்ஸுக்குப் போறம். நீதான் சொல்லணும். நீ வரலன்னா நான் தனியாப் போயி ஒண்ணு விடாம சொல்லிடுவன்" என்றேன்.

அவர் வந்தார். வெள்ளிமலையில் இறங்கி, வேறு வண்டி பிடித்து, அண்ணன் ஊருக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது.

அண்ணன் வீட்டு முன்னால் கட்டிலில் உட்கார்ந்து மரவள்ளிக்குச்சியை நடுவதற்காகத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். தலை பாதி நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வா மச்சான்! தங்கச்சி, இப்பத்தான் வழி தெரிஞ்சிதா? இந்தா, யாரு வந்துருக்காங்க பாரு!" என்று உள்ளே குரல் கொடுத்தார். அண்ணி தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். என்னைவிடச் சின்னவள். முப்பது வயதுதான் இருக்கும், ஐம்பது வயதுக்காரி மாதிரி நடந்து வந்தாள். அண்ணனுடைய அம்மா போன வருஷம் தவறிவிட்டார் என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் தண்ணீரை வாங்கினார், குடிக்கவில்லை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. தட்டிப் பார்த்தது, மறைத்தது, கல்யாணத்துக்குப் பிறகும் வாய் திறக்காதது.

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னா மச்சான் சொல்ற? சாமிதான காட்டுச்சி?"

"இல்ல மாமா. கடுக்கா பெருசு. அதான்."

"பெருசுன்னா கனம் ஜாஸ்தி, கீழதான போவணும்?"

அதற்குள் அண்ணி உள்ளே போய்விட்டாள். அழப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு டப்பாவையும் கேழ்வரகுப் பானையையும் கொண்டுவந்து என் வீட்டுக்காரருக்கு எதிரில் பொத்தென்று வைத்தாள். முற்றத்தில் கிடந்த ஒரு கடுக்காயையும் ஒரு புளியங்கொட்டையையும் பொறுக்கி அவர் கையில் போட்டாள்.

"தட்டுங்கண்ணா. நான் பாக்கணும்."

அவர் தட்டினார். கடுக்காய் வந்தது. அவள் அதை எடுத்து மறுபடி அடியில் வைத்துக் கேழ்வரகைக் கொட்டினாள். "இன்னொரு தபா." மறுபடி வந்தது. மூன்றாவது தடவை அவளே டப்பாவைப் பிடுங்கித் தட்டினாள். திறந்து பார்த்தவள் ஒரு சத்தம் போட்டாள். அது அழுகையும் இல்லை, கத்தலும் இல்லை. அந்த மாதிரிச் சத்தத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

"என் ராசின்னாங்களேக்கா" என்றாள் என்னைப் பார்த்து. "எங்க மாமியா சாவற வரைக்கும் என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல. இந்த ஊர்ல ஒரு கல்யாணத்துக்கு, ஒரு வளகாப்புக்கு என்ன முன்ன நிக்க வுட்டது இல்ல. இவரு கூட..." அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு நாளு இல்லனா ஒரு நாளு, இவரும் அப்படித்தான நெனச்சிருப்பாரு?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

அவள் தெருவில் இறங்கி நின்று கூப்பிட்டாள். அவளுடைய கொழுந்தன், மூத்த ஓரகத்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோரையும். பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். "எங்கிட்ட சொன்னது பத்தாது. இவங்க எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க" என்றாள். என் வீட்டுக்காரர் மறுபடி முதலிலிருந்து சொன்னார், மறுபடி தட்டிக் காட்டினார். நம்பாமல் கொழுந்தனும் வாங்கித் தட்டினார். ஒரு பெரியவர், "அட, ஆமாய்யா!" என்றார். ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொழுந்தன் என் வீட்டுக்காரருடைய சட்டையைப் பிடித்தார். அண்ணன் அதட்டினார்: "கைய எடுடா!" பிறகு என் வீட்டுக்காரரிடம், அடித்தொண்டையில் கேட்டார்:

"நான் எறங்கும்போதெல்லாம் மேலேந்து பாத்துக்கினு நிப்பியே மச்சான். 'பாத்து மாமா, பாத்து'ன்னு குரல் குடுப்பியே. அப்ப எல்லாம் தெரிஞ்சிக்கினுதான் குடுத்தியா?"

என் வீட்டுக்காரர் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடித்திருந்தால் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. அண்ணன் மேற்கொண்டு திட்டவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. கத்தியை எடுத்து மரவள்ளிக்குச்சியை வெட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைப் பார்க்காமல், "பஸ்ஸு போயிடும், கெளம்புங்க" என்றார்.

அண்ணி எங்களைச் சாப்பிடச் சொல்லவில்லை. ஆனால் நான் படி இறங்கும்போது என் கையைப் பிடித்தாள். "நீ தெரியாமத் தட்டினக்கா. தெரிஞ்ச மறுநாளே வந்துட்ட" என்றாள். அவள் கை சில்லென்றிருந்தது.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. நான் என் வீட்டுக்காரரை விட்டுப் போய்விடவில்லை. சோறு வடிக்கிறேன், கொல்லைக்குக் கூடவே போகிறேன். ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பேன். இன்னும் எதையாவது தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறாரோ என்று தோன்றும். அவருக்கும் அது தெரிகிறது. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

போன வாரம் அண்ணி போன் செய்தாள். ஓரகத்தி மகளுக்கு வளைகாப்பாம். முதல் வளையலை இவளையே போடச் சொன்னார்களாம். "கை நடுங்கிட்டுதுக்கா, ரெண்டு வளையல ஒடச்சிட்டன்" என்று சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். பேசி முடிக்கப்போகும்போது, "ஒன் வூட்டுக்காரரு இருக்காராக்கா? இவரு ஒரு வார்த்த பேசணுமாம்" என்றாள்.

அவர் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். போனை நீட்டினேன். முகம் வெளுத்து, வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் நீட்டிய கையை மடக்கவில்லை. போனுக்குள் அண்ணனுடைய இருமல் கேட்டது. "மச்சான்... மச்சான்..." என்று இரண்டு தரம் கூப்பிட்டார். அப்புறம்தான் என் வீட்டுக்காரர் கையை நீட்டி அதை வாங்கினார். காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் "ம்" என்றுகூடச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் என்ன பேசினார் என்று நான் இன்னும் கேட்கவில்லை.